பாதி மிதித்தால் நின்றுபோகும் கார்

நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த முதலிபாளையம் பட்டறையில் இப்போது மின்சாரக் கார்களும் வருகின்றன. போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவள் உள்ளே எட்டிப் பார்த்தேன். தூக்கி நிறுத்திய ஒரு வண்டியின் வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் ஓடியது. அதைத் தொட்டவர்கள் முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டிருந்தார்கள். சுற்றிலும் சங்கிலி கட்டி, எச்சரிக்கைப் பலகை வேறு. எலெக்ட்ரிகல் பிரிவில் இருப்பவர்கள் என்னைப் பார்த்ததும் எனக்கு டீ வாங்கி வர ஆள் அனுப்பினார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள்:

"அக்கா, உங்க காலத்துல இந்தப் பயமெல்லாம் இருந்திருக்காதில்லீங்க? பன்னண்டு வோல்ட் பேட்டரிதானுங்களே?"

"எங்க கரண்டுக்கு ஆரஞ்சு கலர் பூசல கண்ணு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றேன்.

டீ ஆறும்வரை பேசினேன். பாதிக்கு மேல் சொல்ல நேரமில்லை. விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் வள்ளி. சொந்த ஊர் மங்கலம். அப்பாவுக்கு விசைத்தறி. தறி மோட்டார் எரிந்து போனால் காயில் கட்டுகிறவர் வீட்டுக்கே வருவார். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி வைத்து, கரண்டைக் கொடுத்தால் அது ஏன் சுழல்கிறது என்று அவரைத் துளைத்து எடுப்பேன். அந்தக் கேள்விதான் என்னை ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்புக்குக் கொண்டுபோனது. படித்து முடித்த பெண்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிகளில் மின் பேனல் வேலைக்குப் போனார்கள். நான் கார் பட்டறைக்குப் போனேன். அங்கே ஆள் வேண்டும் என்ற பலகையில் ஆணா பெண்ணா என்று எழுதியிருக்கவில்லை.

அங்கே ஃபோர்மேன் சாமுவேல் சார். தாராபுரம் பக்கம் விவசாயக் குடும்பம். நெட்டையான ஆள். சட்டைப் பை எப்போதும் கனத்துத் தொங்கும். அதில் இருப்பது கார் சாவிகள். எந்த வண்டி உள்ளே வந்தாலும் பானெட்டைத் திறக்கும் முன் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொள்வார். வண்டிக்காரர் கேட்டாலும் தரமாட்டார். எங்கள் எல்லோரையும், டீ கொண்டுவருகிறவர் உட்பட, 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் இரண்டு 'ங்க' கூடும். "ஏனுங்க, இதத் தொடறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?" என்று அவர் மெதுவாகக் கேட்டுவிட்டால் அன்று முழுக்க யாருக்கும் சாப்பாடு இறங்காது.

அவருடைய சாவிப் பழக்கம் எனக்கு முதலில் புரியவில்லை. எலெக்ட்ரானிக் இக்னிஷன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது.

பேட்டரி கொடுப்பது பன்னிரண்டு வோல்ட். பெட்ரோலைப் பற்றவைக்க பிளக் நுனியில் தீப்பொறி தாவ வேண்டுமென்றால் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். இடையில் இருப்பது காயில். அதற்குள் ஓடுகிற கரண்டைச் சட்டென்று வெட்டினால், அந்த வெட்டில் பல்லாயிரம் வோல்ட் துள்ளிக் கிளம்பும். ரொம்பப் பழைய கார்களில் அந்த வெட்டு வேலையைப் பாயின்ட் என்கிற சின்ன உலோக முனை செய்தது. திறந்து, மூடி, தேய்ந்து, கருகும். பிறகு அந்த இடத்துக்கு எலெக்ட்ரானிக் மாட்யூல் என்ற சின்னப் பெட்டி வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு கிண்ணம் போன்ற பாகம் உண்டு. தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கு போடுவது அதுதான். அதற்குள் இருக்கும் பிக்கப் என்ற மெல்லிய கம்பிச்சுருள், "இப்போது வெட்டு" என்று மாட்யூலுக்குச் சொல்லும். மாட்யூல் வெட்டும். தேய்மானம் கிடையாது. தீப்பொறி முன்னைவிடக் கொழுத்தது.

எனக்கு வியப்பாக இருந்தது என்னவென்றால், என்ஜின் ஓடாமல் வெறுமனே சாவி மட்டும் திறந்திருக்கும்போது, யாராவது பெல்ட்டைப் பிடித்து இழுத்து என்ஜினை லேசாகத் திருப்பினால்கூட பிக்கப் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு ஒரு தீப்பொறி விட்டுவிடும். நிற்கிற வண்டிதானே என்று கை வைத்தவன் கதி என்ன? சாமுவேல் சாரின் பை கனத்துத் தொங்கியதற்குக் காரணம் அதுதான்.

அவருடைய மற்ற முறைகளும் அப்படித்தான். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் இக்னிஷனில் கை. மோதிரம், வாட்ச், வெள்ளி அரைஞாண், எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. என்ஜின் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டீயரிங்கில் ஒருவர், பானெட்டில் ஒருவர், மூன்றாவது ஆள் கிடையாது. பானெட்டில் நிற்கிறவர் இடது கையைப் பின்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கையும் வண்டியில் இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகக் கடக்கும். தீப்பொறி வேண்டாமல் என்ஜினைச் சுழற்றிப் பார்ப்பதென்றால் காயிலின் பெரிய வயரை என்ஜின் உடம்போடு இணைத்துவிடச் சொல்வார். "அது போறதுக்கு ஒரு வழிய நாமளே வெச்சுக் குடுத்துரோணுமுங்க. இல்லீன்னா அது பாட்டுக்கு வழி தேடும்."

நகை விஷயம் எனக்குத்தான் சிக்கலாக இருந்தது. கல்யாணமான புதிது. கழுத்தில் தங்கக் கொடி. குனிந்தால் சட்டைக்குள்ளிருந்து நழுவி வந்து பேட்டரி மேல் ஊசலாடும். சாமுவேல் சார் அதைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். ஒரு பெண்ணிடம் தாலியைக் கழற்றச் சொல்ல அவரால் முடியவில்லை. ஒரு வாரம் அவர் தவித்ததைப் பார்த்துவிட்டு வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், "மஞ்சக் கவுத்துல கோத்துக்க. கவுறு கரண்ட் கடத்தாது பாரு" என்றார். அன்று முதல் கயிறுதான். மறுநாள் அதைக் கவனித்த சாமுவேல் சார் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பாயின்ட் காலத்துக் கைப்பழக்கம் சிலரை விடவே இல்லை. எங்கள் பட்டறையில் முருகேசன் இருந்தான். தென்காசிப் பக்கத்துக்காரன், நல்ல வேலைக்காரன், அவசரக்காரன். ஓடுகிற என்ஜினில் பிளக் வயரை உருவி, என்ஜின் உடம்புக்குப் பக்கத்தில் பிடித்துத் தீப்பொறி பார்ப்பது அவன் வழக்கம். பாயின்ட் வண்டியில் அதைச் செய்து சுருக்கென்று வாங்கினாலும் சிரித்துக்கொண்டு போய்விடலாம்.

"வயரப் புடுங்கிப் பாத்தா ஒரு நிமிசத்துல சொல்லிப்புடலாம்லா சார்? இதுக்குப் போயி மீட்டரு, டெஸ்டருன்னு..." என்பான்.

ஒரு நாள் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் அதையே செய்தான். நான் அடுத்த வண்டியில் இருந்தேன். ஒரு சத்தம், பிறகு வேறு மாதிரி ஒரு சத்தம். கரண்ட் அடித்ததில் அவன் கை தானாக உதறிப் பின்னால் போயிருக்கிறது. பின்னால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. விரல்களில் தையல் போட்டு, நடுவிரல் நீட்ட முடியாமல் போனது. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாமுவேல் சார் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "அடிக்கறது கூட இல்லீங்க. அடிச்ச கை எங்க போகுதுன்னு நம்மகிட்டக் கேட்டுட்டுப் போகாது. அதுதானுங்க பயம்."

நெஞ்சு வழியாகக் கடக்கும் என்று அவர் சொன்னதை, தொட்டால் அடிக்கிற கரண்டோடு மட்டும் சேர்த்துத்தான் நான் புரிந்துவைத்திருந்தேன். தொடாமலேயே அது ஒருவர் நெஞ்சுக்குள் நுழையும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தங்கவேல் மாஸ்டர் எங்களிடம் வந்தது முருகேசன் விரல் ஆறி, வேலைக்குத் திரும்பிப் பல வருடம் கழித்து. அவர் மங்கலம் ரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் சாய மாஸ்டர். வந்த அன்று அவர் நகக்கண் எல்லாம் நீலம். மறுதரம் பச்சை. வண்டி, வெள்ளை நிறப் பழைய கார். டிஸ்ட்ரிபியூட்டரும் எலெக்ட்ரானிக் மாட்யூலும் சேர்ந்து இருந்த தலைமுறை. புது வண்டி வாங்க வசதி இருந்தும் அதை விட மனசில்லாமல் வைத்திருந்தார்.

"ஓடிட்டே இருக்குதுங்க. திடீர்னு உசுரு போன மாதிரி நின்னுக்குது. ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் உட்காந்திருந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுதுங்க."

அவர் சொந்த ஊர் கணியூர். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு தோட்டத்துக்குப் போய் வருவார். கடைசியாக நின்றது உடுமலை ரோட்டில், குடிமங்கலம் தாண்டி. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு, ஒதுங்கி, கதவை உரசாத குறையாகப் போயிருக்கிறது. அன்றிலிருந்து அவர் மனைவி சாந்தாமணி அந்த வண்டியில் ஏறினால் கைப்பிடியை விடுவதில்லையாம்.

வேறு இடங்களில் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, பிளக் வயர்களும் புதிது. "அந்த வயர மாத்துனதுல இருந்து ரேடியோ போட்டா கரகரன்னு ஒரே எரைச்சலுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேடியோ இரைந்தால் கார் நிற்குமா?

முறைப்படி எல்லாம் பார்த்தோம். தீப்பொறி நன்றாக இருந்தது. தீப்பொறி விழும் டைமிங் சரி. கார் எங்கள் முன்னால் நிற்கவே இல்லை. ஒரே ஒரு தரம் முருகேசன் ஆக்ஸிலேட்டரை மிதித்து முறுக்கியபோது லேசாக விக்கியது. மறுபடி முறுக்கினால் விக்கவில்லை. கொடுத்து அனுப்பினோம். அடுத்த வாரமே திரும்பி வந்தது.

மாஸ்டரைத் தள்ளி நிற்க வைப்பதுதான் பெரிய பாடு. சாயத் தொட்டியில் தலையை விட்டுப் பார்த்தே பழகியவர். எதையும் எட்ட நின்று பார்க்கத் தெரியாது. "இது என்னங்க? இது எதுக்குங்க சுத்துது? இந்த வாசம் எங்கிருந்து வருது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்ததும் அதனால்தான். சாமுவேல் சார் அவரைக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைப்பார். திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் பானெட்டுக்குப் பக்கத்தில் இருப்பார்.

அன்று சாமுவேல் சார் வாசலில் வேறொரு வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். முருகேசன் ஸ்டீயரிங்கில். நான் டைமிங் லைட்டோடு ஒரு பக்கம் குனிந்திருந்தேன். மறுபக்கத்திலிருந்து மாஸ்டர் எப்போது வந்தாரோ, சக்கரத்துக்கு மேலிருக்கும் ஃபெண்டரில் இரண்டு கையையும் ஊன்றி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு நேர் மேலே நெஞ்சை வைத்துக் குனிந்துவிட்டார். முருகேசன் அவரைக் கவனிக்காமல் முறுக்கினான்.

"தள்ளி நில்லுங்க மாஸ்டர்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. சாயம் போன துணி மாதிரி வெளுத்தது.

"என்னமோ... ஒரு மாதிரி..." என்றார். கண் மேலே சொருகியது. சரியத் தொடங்கினார், அதுவும் என்ஜின் பக்கமாகவே.

நான் லைட்டைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினேன். வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாவிய அணைடா!"

சாமுவேல் சார் 'ங்க' இல்லாமல் பேசி நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். முருகேசன் அணைத்துவிட்டு இறங்கி ஓடி வந்தான். இரண்டு பேருமாக மாஸ்டரைப் பிடித்து இழுத்துத் தரையில் படுக்க வைத்தோம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. "ஒண்ணுமில்லீங்க, வெயிலுங்க" என்று எழ முயன்றார். வெயிலில் மயங்கிய மனுசர் இத்தனை சீக்கிரம் தெளிவாரா? என்ஜின் நின்றது, இவர் தெளிந்தார். சாமுவேல் சாரும் அதையே யோசித்திருக்க வேண்டும். மாஸ்டரின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தார். மாஸ்டரின் வலது கை தன்னையறியாமல் இடது தோளுக்குக் கீழே, காறை எலும்பை ஒட்டி, எதையோ பொத்திப் பிடித்திருந்தது.

"அங்க என்னங்க வெச்சிருக்கறீங்க?"

மாஸ்டர் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க. நாங்க யாருகிட்டயும் சொல்லமாட்டோம்."

"பேஸ்மேக்கருங்க" என்றார், கேட்டும் கேட்காத குரலில். "போன வருசம் கோயமுத்தூர்ல வெச்சாங்க. ஊட்டுல அவளுக்கு மட்டுந்தான் தெரியும்."

இதயம் தானாகச் சரியாகத் துடிக்காதபோது துடிக்கச் சொல்லி உந்துகிற சின்னப் பெட்டி. தீப்பெட்டியைவிடச் சிறிது. தோலுக்குக் கீழே தைத்து வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்களிடம் வயிற்று ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார். சாயப்பட்டறையில் தெரிந்தால் நோயாளி என்று உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். சாயத்தைக் கண்ணால் பார்த்தே எத்தனை சதவீதம் என்ன சேர்க்க வேண்டும் என்று சொல்கிற மனுசருக்கு வீட்டில் உட்காருவது சாவுக்குச் சமம்.

சாந்தாமணி அக்காவுக்குப் போன் செய்தோம். ஆட்டோவில் வந்து இறங்கினார். கணவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "என்ஜின் கிட்டப் போகாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரில்லீங்க? இவங்ககிட்டச் சொல்லியிருந்தா இவங்க என்ன, மைக் வெச்சா சொல்லப் போறாங்க?" என்றார். பட்டறை வேனிலேயே கோவைக்குக் கூட்டிப்போனோம்.

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்து மாஸ்டரே போனில் கூப்பிட்டு டாக்டர் சொன்னதை எனக்குச் சொன்னார். அந்தப் பெட்டி சும்மா உந்திக்கொண்டே இருக்காதாம். முதலில் காது கொடுத்துக் கேட்குமாம். இதயம் தானாகத் துடித்தால் பேசாமல் இருக்கும், துடிக்காவிட்டால்தான் உந்தும். "கார்ல இருந்து வந்த எரைச்சல நெஞ்சுத் துடிப்புன்னு நெனச்சு அது சும்மா இருந்திருக்கலாமுங்களாம். அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அப்பிடித்தான் இருக்கோணும்னாரு. வண்டி ஓட்டலாமுங்களாம், உள்ள உட்காந்தா ஒண்ணுமில்ல. ஓடற என்ஜின் மேல குனியக் கூடாது. எட்டிப் புடிக்க முடியாத தூரத்துல நிக்கோணுமாமா."

இரைச்சல் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ரேடியோ ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டு நேராகக் காரிடம் போனேன். பேட்டரியைக் கழற்றி, அந்தப் புது பிளக் வயர்களில் ஒன்றை உருவி மீட்டரில் வைத்தேன். முள் ஒரேயடியாகப் பாய்ந்து, தடையே இல்லை என்று காட்டியது. உள்ளே வெறும் செம்பு. கம்பெனி போடும் வயருக்குள் வேண்டுமென்றே ஒரு தடை வைத்திருப்பார்கள். தீப்பொறியின் இரைச்சல் வெளியே பரவாமல் அமுக்குவது அதுதான். யாரோ மலிவாக மாட்டிவிட்ட இந்த வயர்கள், ஒவ்வொரு தீப்பொறிக்கும் சின்ன வானொலி நிலையம் மாதிரி கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. ரேடியோவுக்குக் கேட்டது நெஞ்சிலிருந்த பெட்டிக்கும் கேட்டிருக்கிறது.

சாமுவேல் சாரிடம் காட்டினேன். மீட்டரை வாங்கித் தானும் ஒருக்கா வைத்துப் பார்த்தார். பிறகு, "வயர மாத்தீறலாம். ஆனா வண்டி நிக்கறது இதனால இல்லீங்களே?" என்றார்.

இல்லைதான். நின்றுபோகிற கோளாறு அப்படியே இருந்தது.

மாஸ்டர் மறுபடி வந்தபோது சாமுவேல் சார் வாசலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டார். "வண்டி ஓடாம இருக்கையில என்னென்ன தெரிஞ்சுக்க முடியுமோ, அத மட்டும் பாப்பமுங்க. இவரு இங்க இருக்கறவரைக்கும் ஸ்டார்ட் பண்றதே வேண்டாம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டுச் சாவியோடு ஆபீசுக்குள் போய்விட்டார்.

ஓடாத என்ஜினில் நின்றுபோகிற கோளாறை எப்படிப் பார்ப்பது? முருகேசன் உதட்டைப் பிதுக்கினான். நான் இன்னொரு நாற்காலியை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். யோசித்துப் பார்த்தால், இத்தனை நாள் அவரும் என்ஜினைப் பார்த்தார், நாங்களும் என்ஜினைப் பார்த்தோம். அவரை உட்கார வைத்து யாரும் கேட்டதே இல்லை.

"நிக்கும்போது என்ன பண்ணீட்டிருந்தீங்க மாஸ்டர்? மெதுவா ஒவ்வொண்ணா சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். "பல்லடம் தாண்டி ஒரு அரை மணி நேரம் ஓடியிருக்கும். என்ஜின் நல்லா சூடு. நேரான ரோடு. சும்மா பாதி மிதிச்சுட்டுப் போறேன்."

"மேடு ஏறும்போது?"

"மேட்டுல நின்னதே இல்லீங்க. அங்க முழுசா மிதிப்பனில்ல?" கண்ணைத் திறந்தார். "ஏனுங்க, நெனச்சுப் பாத்தா, சிக்னல்லயும் நின்னதில்ல. முழுசா மிதிச்சாலும் ஓடுது, காலை எடுத்தாலும் ஓடுது. பாதி மிதிச்சாத்தானுங்க சாகுது!"

சாயத்தில் ஒரு சொட்டு கூடினதைக் கண்டுபிடிக்கிறவர் கவனிப்பு அது. முழுசாக மிதித்தாலும் இல்லாமல், மிதிக்காமலும் இல்லாமல், பாதி மிதிக்கும்போது மட்டும் என்ஜினில் எது அசையும்?

ஒன்று உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் தட்டையான தகரக் குப்பி ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும். பாதி மிதித்தால் அந்தக் குழாயில் உறிஞ்சல் வரும். உறிஞ்சினால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பி, தீப்பொறியை முன்கூட்டி விடச் செய்யும். முழுசாக மிதித்தால் உறிஞ்சல் போய்விடும். தட்டு பழைய இடத்துக்கு வரும். பிக்கப் உட்கார்ந்திருப்பது அந்தத் தட்டின் மேல்தான். நாங்கள் டைமிங் பார்க்கும்போதெல்லாம் என்ன செய்தோம்? முறைப்படி அந்தக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் பார்த்தோம். தட்டை அசையவிடாமல் வைத்துக்கொண்டே அசையும்போது வரும் கோளாறைத் தேடியிருக்கிறோம்.

"மாஸ்டர், நீங்க டீ குடிச்சுட்டு வாங்க. கடை மூல வரைக்கும் போங்க. சொன்னாத்தான் திரும்பி வரோணும்."

அவர் போனதும் வண்டியை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றினோம். அணைத்தோம். சாவி சாமுவேல் சார் பைக்குத் திரும்பியது. நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். மாஸ்டரைக் கூப்பிட்டோம். இப்போது அது வெறும் சூடான இரும்பு. அவர் எவ்வளவு கிட்ட வேண்டுமானாலும் வரலாம். ஆனாலும் அவர் தயங்கி நின்றார்.

"வாங்க. இப்ப ஒண்ணும் பண்ணாது" என்று சாமுவேல் சாரே கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

மாட்யூலுக்குப் போகும் பிக்கப் வயர்களைப் பிரித்து மீட்டரில் கொடுத்தேன். முள் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. முருகேசன், "நல்லாத்தானே இருக்கு" என்றான். ரப்பர் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, அந்த முனையை என் வாயில் வைத்து உறிஞ்சினேன். பெட்ரோல் கைப்பு நாக்கில் ஏறியது. உள்ளே தட்டு திரும்பும் சின்னச் சத்தம்.

முள் விழுந்தது. இணைப்பே இல்லை என்று காட்டியது.

குழாயை விட்டேன். முள் எழுந்தது. உறிஞ்சினேன். விழுந்தது.

"விடுங்க... மறுக்கா... விடுங்க..." என்று மாஸ்டர் குழந்தை மாதிரி என்னைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். முருகேசன் நீட்ட முடியாத விரலோடு கையைத் தட்டினான். சாமுவேல் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பார்த்தோம். பிக்கப் வயர் மேலே உறை கெடாமல் இருந்தது. உள்ளே செம்பு இழைகள், தட்டு அசைந்து அசைந்து ஒரே இடத்தில் முறிந்திருந்தன. குளிர்ந்திருந்தால் முறிந்த முனைகள் தொட்டுக்கொள்ளும். சூட்டில் உறை இளகியதும், தட்டு இழுத்தால் விலகும். அவ்வளவுதான். இத்தனை பேரை அலைய வைத்தது ஒரு நூல் கனமுள்ள கம்பி. மாஸ்டரை விலக்கி வைப்பதற்காக என்ஜினை அணைக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வாரம் அதை முறுக்கி முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருப்போமோ தெரியாது.

பிக்கப்பையும், தடை வைத்த நல்ல வயர்களையும் மாற்றினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் ஓட்டிப் பார்க்க என்னையும் வரச் சொன்னார்கள். மாஸ்டர் ஓட்டினார். சாந்தாமணி அக்கா முன் சீட்டில், மேலே இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி. நான் பின்னால், மடியில் மீட்டர் பெட்டி.

பல்லடம் போயிற்று. இரண்டு பக்கமும் காற்றாலைகள் வந்தன. மாஸ்டர் பாதிதான் மிதிக்கிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. குடிமங்கலம் தாண்டியது. பஸ் உரசப் பார்த்த அந்த இடம் வந்தது, போனது. அக்காவின் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன.

கொஞ்ச தூரம் போனதும் வண்டி வேகம் குறைந்தது. ஓரமாக ஒதுங்கி, நின்றது.

"ஐயோ, மறுக்காவும் நின்னு போச்சுங்களா?" என்றார் அக்கா.

"நிக்கல சாந்தா. நாந்தான் நிறுத்துனேன்."

இறங்கினார். சுற்றி வந்து அக்கா பக்கத்துக் கதவைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொதலாளிகிட்டச் சொல்லீரலாம்னு இருக்கேன். நாளைக்கு."

"நாளைக்கு எதுக்குங்க? கையில போன் இருக்குதில்ல?"

அவர் போட்டார். காற்றில் காதைப் பொத்திக்கொண்டு பேசினார். எங்களுக்கு இந்தப் பக்கப் பேச்சு மட்டும் கேட்டது. "ஆமாங்க, தங்கவேலுங்க... ஒரு சங்கதி சொல்லோணுமுங்க... வயித்து ஆபரேசன் இல்லீங்க அது. நெஞ்சுல பெட்டி வெச்சிருக்குதுங்க... மோட்டார் மேல குனியாம இருந்தாப் போதுமாமுங்க... ஆமாங்க... இல்லீங்க, சாயம் பாக்கறதுக்கு ஒரு தடையும் இல்லீங்க..." அப்புறம் மறுபக்கம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். தலையை மட்டும் ஆட்டினார். "சரிங்க" என்று போனை இறக்கினார்.

"என்ன சொன்னாரு?" அக்கா கைப்பிடியை விடாமலேயே கேட்டார்.

"நாளைக்குக் கறுப்புச் சாய லாட் இருக்குதாமா. நேரத்துக்கு வந்துருங்க மாஸ்டர்னு சொல்லி வெச்சுட்டாரு."

அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.